மூட்டுவலிக்குச் சீனத் தூள்: வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். மாமியாருக்கு 67 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். பிரஷருக்கும் மாத்திரை உண்டு. முழங்கால் வலியும் வறட்டு இருமலும் அவரைப் பாடாய்ப் படுத்துகின்றன. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தன்னுடைய சீன மருத்துவரிடம் அழைத்துப் போனார். அங்கே ஒரு பாட்டில் பழுப்புத் தூளும் சின்ன பிளாஸ்டிக் கரண்டியும் கொடுத்தார்கள். இரண்டு நாளாக அதைச் சாப்பிடுகிறார். அப்புறம் ஆன்ட்டியே மருந்துக்கடையில் டாங்குவெய், சான்ச்சி, சுவான்பெய் என்று மூன்று சரக்கு வாங்கித் தந்து, அரைத்துத் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். அதை இன்னும் தொடவில்லை. வீட்டு மிக்ஸியில் அரைக்கலாமா? தேனில் குழைக்கலாமா? வார்ஃபரினுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதுமா? என் எட்டு மாதக் குழந்தைக்கு முத்துத் தூளும் தந்திருக்கிறார். 'நம்ம ஊர் சூரணம் மாதிரிதானே' என்கிறார் மாமியார். பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மிக்ஸி, தேன் எல்லாம் அப்புறம். இன்று செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் தூளை நிறுத்தி வையுங்கள். வார்ஃபரினை மட்டும் நிறுத்த வேண்டாம், வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவே போகட்டும். மாமியாருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) பார்க்கும் கிளினிக்குக்கு இன்றைக்கே போன் செய்து, "இரண்டு நாளாக ஒரு சீன மருந்து சாப்பிட்டிருக்கிறார்" என்று சொல்லுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையை முன்னால் கொண்டுவரச் சொல்வார்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், இடித்துக்கொள்ளாமலே நீலத் தழும்பு, நிற்காத மூக்கு ரத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுதான்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் பாட்டிலின் லேபிளில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது 'துஹுவோ ஜிஷெங் தாங்'. ஏழாம் நூற்றாண்டில் சுன் ஸிமியாவ் என்ற மருத்துவர் எழுதி வைத்த பதினைந்து சரக்குச் சேர்க்கை. வயதானவர்களின் இடுப்பு, முழங்கால் வலிக்கு இன்றும் சீன மருத்துவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். ஆக, அந்த மருத்துவர் ஏதோ கண்டதைக் கொடுத்துவிடவில்லை. வலிக்கு ஏற்ற மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார். வார்ஃபரின் விஷயம் அவர் காதுக்குப் போனதா என்பதுதான் என் சந்தேகம். சீன மருத்துவரிடம் ஆங்கில மருந்தைப் பற்றிச் சொல்லக் கூடாது, டாக்டரிடம் நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். இரண்டு பக்கமும் திட்டுவார்களோ என்ற பயம். மருந்து கொடுக்கும் கவுண்டரில் நிற்பவன் நான், இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அந்தப் பதினைந்தில் டாங்குவெய் என்ற வேர் இருக்கிறது, சுவான்ஷியோங் இருக்கிறது, ஜின்செங் இருக்கிறது, நம் அதிமதுரத்தின் சீன உறவான கான்சாவும் இருக்கிறது. டாங்குவெய் வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆர் ஏறிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஜின்செங் அதை இறக்கும் என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஒன்று மேலே தள்ள, மற்றொன்று கீழே இழுக்க, நிகர விளைவு என்னவென்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. மாமியாரைப் போன்றவர்களுக்கு ஐஎன்ஆர் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் ரத்தக்கட்டி, அதனால் பக்கவாதம். மேலே போனால் ரத்தக்கசிவு. இவ்வளவு குறுகலான இடத்தில் சோதித்துப் பார்க்க இடமில்லை.

இரண்டு மணி நேர இடைவெளி இதற்கு உதவாது. வயிற்றுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மருந்துகளுக்குத்தான் அந்த இடைவெளி. வார்ஃபரின் வேலை செய்வது கல்லீரலில், வைட்டமின் கே-யைத் தடுத்து. ஒரு வேளை மாத்திரையின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்தாலும் இரண்டும் உள்ளே சந்தித்துக்கொண்டேதான் இருக்கும்.

பிரஷர் மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. சிறுநீர் போக வைக்கும் மாத்திரையாக இருந்தால் கான்சாவையும் கவனிக்க வேண்டும். அதிமதுர வகை வேர்களைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். கால் வீக்கம், தசை பலவீனம், படபடப்பு வரலாம். பாதிக்கு மேற்பட்ட சீன மருந்துக் கூட்டுகளில் கான்சாவ் ஏதோ ஒரு அளவில் இருக்கும். மாமியார் இருமலுக்கு நம் ஊர் அதிமதுரச் சூரணமும் எடுத்துக்கொண்டிருந்தால் அது இரட்டை அளவாகிவிடும். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எங்காவது ஒரு டப்பா இருக்கும்.

சரி, இனி உங்கள் மற்ற கேள்விகள். கிளினிக்கும் சீன மருத்துவரும் பேசி ஒப்புக்கொண்டால் என்றைக்காவது இதைத் தொடரலாம். வார்ஃபரின் சாப்பிடாத வாசகர்கள் பலர் வீட்டிலும் இதே பாட்டில் இருக்கும். அதனால் சொல்கிறேன்.

பாட்டிலில் இருப்பதும் பொட்டலத்தில் இருப்பதும் வேறு வேறு. பாட்டிலில் உள்ளது அரைத்த மூலிகை அல்ல. மூலிகைகளை ஆலையில் கொதிக்க வைத்து, கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சி, மாவுச்சத்தோடு சேர்த்து உலர்த்திய குருணை. பொதுவாக ஐந்து கிராம் மூலிகைக்கு ஒரு கிராம் குருணை என்ற கணக்கு, தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும். ஒரு முறை கொதித்துவிட்டதால் மறுபடி அடுப்பில் வைக்கத் தேவையில்லை. அரை டம்ளர் சூடான நீரில் கரைத்து, ஒரு நிமிடம் மூடி வைத்து, வெதுவெதுப்பானதும் குடித்தால் போதும். அடியில் தங்கும் வண்டலையும் கலக்கிக் குடித்துவிட வேண்டும், மருந்தில் ஒரு பகுதி அதில்தான் கிடக்கும். உலர்ந்த தூளை வாயில் கொட்டித் தண்ணீர் குடிக்கும் பழக்கம் வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம். புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமலுக்கு மருந்து கொடுத்த கதை வேறு மாதிரி முடியும்.

கரண்டியை மாற்றாதீர்கள். கூடவே வரும் பிளாஸ்டிக் கரண்டி அநேகமாக ஒரு கிராம் பிடிக்கும். சமையலறை டீஸ்பூனில் குவித்து அள்ளினால் இரண்டு மூன்று மடங்கு வந்துவிடும். அதே மாதிரி, கரண்டி ஈரமாக இருக்கக் கூடாது. இந்த ஊர் காற்றில் இருக்கிற ஈரம் போதும், ஒரு வாரத்தில் குருணை பாறை மாதிரி இறுகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்து என்று செய்தால் இன்னும் மோசம், வெளியே எடுத்ததும் பாட்டிலுக்குள் வியர்த்துவிடும். அடுப்புக்கு மேல் உள்ள அலமாரி வேண்டாம். படுக்கையறை அலமாரியில், குழந்தை கைக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும். கட்டியானது, நிறம் மாறியது, பூசண வாசம் அடிப்பது எல்லாம் குப்பைக்கு. முக்கியமாக, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள். லேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் யார் வந்து கேட்டாலும் 'பழுப்பு நிறத் தூள்' என்பதற்கு மேல் உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

தேன் கலக்கலாம், சர்க்கரை நோய் இல்லையென்றால். ஆனால் அந்தத் தேன் ஸ்பூனைக் குழந்தை வாயில் வைத்துவிடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

பொட்டலத்துக்கு வருவோம். இதில் டாங்குவெய் ஏற்கனவே பாட்டிலில் இருப்பதுதான், கூடுதலாக வேண்டாம். சான்ச்சி ரத்தம் நிறுத்தவும் ரத்த ஓட்டத்துக்கும் என்று இரண்டுக்கும் பயன்படுத்துகிற வேர், ரத்தத் தட்டணுக்கள் மேலும் அதற்கு வேலை உண்டு. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அதுவும் வேண்டாம். மீதி இருப்பது சுவான்பெய். சின்னப் பூண்டுப் பல் மாதிரி வெள்ளைக் கிழங்கு, வறட்டு இருமலுக்கு. பேரிக்காயைக் குடைந்து உள்ளே வைத்து அவித்துக் கொடுப்பதை ஆன்ட்டி வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். மூன்றில் இது சாதுவானது என்றாலும், அதையும் கிளினிக்கில் சொல்லிவிட்டே கொடுங்கள். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டியிருந்தால் முதலில் மார்பைப் பரிசோதிக்க வேண்டும். பிரஷர் மாத்திரைகளில் ஒரு வகையே வறட்டு இருமலைக் கொண்டுவரும். பெயர் 'பிரில்' என்று முடிகிறதா பாருங்கள். அப்படியென்றால் டாக்டர் மாத்திரையை மாற்றினாலே சரியாகிவிடலாம், சுவான்பெய்க்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அது மலிவான சரக்கும் அல்ல.

'தினம் ஒரு ஸ்பூன்' என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கொதிக்க வைப்பதற்கு ஓர் அளவு, அரைத்து அப்படியே விழுங்குவதற்கு வேறு அளவு. சீன மருந்து நூலில் சுவான்பெய் கஷாயத்துக்கு 3 முதல் 10 கிராம், தூளாக விழுங்கினால் ஒரு வேளைக்கு 1 முதல் 2 கிராம்தான். சான்ச்சி கஷாயத்துக்கு 3 முதல் 9, தூளாக 1 முதல் 3. கொதிக்க வைத்தால் சத்தில் ஒரு பகுதி சக்கையோடு நின்றுவிடும், ஆவியாகிற எண்ணெய் போய்விடும், கிருமியும் சாகும். தூளில் எல்லாமே வயிற்றுக்குள் போகிறது, நல்லதும் கெட்டதும்.

இதற்கு நல்ல உதாரணம் அந்தப் பாட்டில் கூட்டிலேயே இருக்கிறது. பதினைந்தில் ஒன்று ஷீஷின் என்ற மெல்லிய வேர், நாக்கில் வைத்தால் மரத்துப்போகும். 'ஷீஷின் ஒரு சியன் தாண்டக் கூடாது' என்று சீன மருத்துவம் படிக்கிற எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். சியன் என்பது மூன்று கிராம் சொச்சம். இந்த எச்சரிக்கை பழைய நூல்களில் குறிப்பாகத் தூளுக்குச் சொன்னது, கஷாயத்துக்கு அல்ல. இன்றைய மருந்து நூலும் கஷாயத்துக்கு 1 முதல் 3 கிராம், தூளுக்கு அரை முதல் ஒரு கிராம் என்று பிரித்தே வைத்திருக்கிறது. கஷாயச் சீட்டை அப்படியே மிக்ஸியில் போட்டுப் பொடியாக்குவது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த ஒரு வேர் போதும்.

எல்லாத் தூளும் விழுங்குவதற்கும் அல்ல. சளிக்காய்ச்சலுக்குப் பிரபலமான 'யின் சியாவ் சான்' பெயரளவில் தூள், ஆனால் 1798-இல் அதை எழுதிய வு ஜுதோங், நாணல் வேர் நீரில் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். நல்ல மணம் எழுந்த உடனே இறக்கிவிட வேண்டும், அதற்கு மேல் காய்ச்சக் கூடாது என்றும் எழுதினார். அதில் புதினா இருக்கிறது, நேரமானால் வாசம் ஓடிவிடும். அதனால் கடைக்காரரிடம் தூள் வாங்கினால் கரைக்கவா, கொதிக்க வைக்கவா, அப்படியே விழுங்கவா என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். கொதிக்க வைப்பதானால் மண்சட்டி அல்லது கண்ணாடிப் பாத்திரம், எவர்சில்வரும் பரவாயில்லை. இரும்பும் செம்பும் அலுமினியமும் வேண்டாம்.

மிக்ஸி வேண்டாம் என்பதுதான் என் பதில். சான்ச்சி கல் மாதிரி இருக்கும், பிளேடு போய்விடும். அதையும் மீறி அரைத்தால் ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் நொய். அரைக்கிற சூட்டில் ஈரம் கிளம்பி மூடியில் ஒட்டும், இரண்டு வாரத்தில் பூசணம். கொதிக்க வைக்காத தூளில் இது சின்ன விஷயம் இல்லை. வாங்கும்போது முழுச் சரக்காகப் பார்த்து வாங்கி, கடையிலேயே உங்கள் கண் முன்னால் அரைக்கச் சொல்லுங்கள். மருந்துக்கடைகளில் அதற்கென்று இயந்திரம் உண்டு. முன்னால் என்ன அரைத்தார்கள், துடைத்தார்களா என்றும் கேட்கலாம், தப்பில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள்.

முழுதாகப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. மிளகில் பப்பாளி விதை கலந்தால் கண்ணுக்குத் தெரியும், மிளகுத்தூளில் கலந்தால் யாருக்குத் தெரியும்? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க வைக்கும் ஒரு மருத்துவமனை, சீன மூலிகைப் பொடியைக் குளிகைகளில் அடைத்துக் கொடுத்தது. ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயரில் நெருக்கமான குவாங் ஃபாங்ஜி உள்ளே போய்விட்டது. அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். பொடியாகப் போனதால் பார்த்துக் கண்டுபிடிக்க யாருக்கும் வழியில்லை. அந்த அமிலம் உள்ள மருந்துகளுக்குச் சிங்கப்பூரில் தடை இருக்கிறது.

'நம்ம ஊர் சூரணம் மாதிரிதானே' என்கிறார் மாமியார். ஆமாம், ஒரு வகையில் ரொம்பவே ஒன்று. நம் சித்த மருத்துவர்கள் வசநாபி என்ற நச்சுக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொட மாட்டார்கள். அதே குடும்பத்து ஃபூஸியைச் சீன மருத்துவர்களும் பதப்படுத்தி, பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் தனியே கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார்கள். நீண்ட கொதியில்தான் அதன் நஞ்சு உடைகிறது. அரைத்து அப்படியே சாப்பிட்டால் நாக்கும் உதடும் மரத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகிச் சாவு வரை போகும். மூட்டுவலிப் பொடிகளில் ஃபூஸி, அதே குடும்பத்துச் சுவான்வு, சாவ்வு என்று எதையாவது பார்த்தால் வீட்டில் அரைக்கவோ விழுங்கவோ கூடாது. நம் சாதிலிங்கம்தான் அவர்கள் ஜுஷா, நம் மனோசிலைதான் அவர்கள் ஷியோங்ஹுவாங். முதலாவது பாதரசம், இரண்டாவது ஆர்சனிக். இவை சேர்ந்த பழைய பொடி எதுவானாலும், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சூரணத்துக்கு வைத்தியரைக் கேட்கிற வீட்டில் சீனத் தூளுக்கு மட்டும் கேட்காமல் இருப்பது ஏன் என்று மாமியாரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. தெருவோரத்திலோ, இணையத்திலோ, பயணம் போன இடத்திலோ வாங்கிய மூட்டுவலிப் பொடி ஒரே இரவில் வலியைப் போக்கிவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். மூலிகை அப்படி வேலை செய்யாது. உள்ளே ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ கலந்திருக்கும். 2008-இல் சிங்கப்பூரில் ஆண்மைக்கு என்று விற்ற கள்ள மருந்துகளில் சர்க்கரை நோய் மாத்திரை கலந்திருந்தது. சர்க்கரை நோய் இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை விழுந்து மருத்துவமனைக்கு வந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அப்படி எதையாவது மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, ஸ்டீராய்டு இருந்தால் நிறுத்துவதே ஆபத்து. டாக்டரிடம் பொட்டலத்தோடு போக வேண்டும்.

உங்கள் பாட்டில் அந்த ரகம் இல்லை. பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றன. மருத்துவர் பாரம்பரிய சீன மருத்துவர் வாரியத்தில் பதிவானவரா என்று வாரியத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள், 2000-இல் வந்த சட்டப்படி பதிவு கட்டாயம். மருந்துக்கடையில் சரக்கு நிறுக்கிறவர் எல்லோரும் பதிவான மருத்துவர் அல்ல. பதிவானவரிடம் போய் வார்ஃபரின் அட்டையைக் காட்டுங்கள். ஒழுங்கானவர் என்றால் அவரே கூட்டை மாற்றுவார், அல்லது அக்குபங்சர் போதும் என்பார். அதற்கும் ஐஎன்ஆர் எவ்வளவு என்று முதலில் கேட்பார்.

குழந்தைக்கு முத்துத் தூள் வேண்டாம். முத்து என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான், அதில் பயமுறுத்த ஒன்றுமில்லை. ஆனால் குழந்தைப் பொடிகளில் முத்தோடு வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதுதான் கவலை. 2014-இல் அமெரிக்காவில் ஒரு சீனக் குழந்தைப் பொடியில் ஈயம் இருப்பது தெரியவந்தது, அதைச் சாப்பிட்ட ஒரு குழந்தையின் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது. சிங்கப்பூரில் பெர்பெரின் என்ற வேதிப்பொருள் உள்ள சுவான்லியன் வேர் பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்குகிறது என்று 1978-இல் தடை செய்தார்கள். அந்தத் தடை 2010-களில் தளர்ந்தது. ஆனாலும் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது என்பது மாறவில்லை. உங்கள் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் ஜி6பிடி முடிவு எழுதியிருக்கும், ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. முத்துத் தூளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், மனசு நோகும். "ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் டாங்குவெய் முடியாது" என்று சொன்னாலே அவர் புரிந்துகொள்வார். மாதவிலக்கு அதிகமாகப் போகும் நாட்களில் டாங்குவெய் கூடாது என்று அவர் வீட்டுப் பெரியவர்களே அவருக்குச் சொல்லியிருப்பார்கள். பொட்டலத்தில் உள்ள டாங்குவெயையும் சான்ச்சியையும் அவரிடமே கொடுத்துவிடலாம், அவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடாதவராக இருந்தால். அதை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.